லயனல் றிச்சி: மெல்லப் பாடினால் விட்டுப் போனதாகுமா?



1985ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலைக்குச் சேர்ந்தேன். அந்த வேலை எப்படியானது என்று இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களில் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒரு கண்ணாடி அறை, காலடியில் ஒரு சின்ன ஹீற்றர், யாரோ முன்னர் வேலை செய்தவர் விட்டுப் போன ஒரு பழைய றேடியோ. அந்த றேடியோவில் நள்ளிரவுக்குப் பிறகு மெல்லிய காதல் பாட்டுகளாகப் போடுவார்கள். எனக்கு ஆங்கிலம் ஓரளவு வாசிக்கத் தெரியும், காதில் பிடிக்காது. ஆனால் இந்தப் பாட்டுகளில் சொற்கள் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் வந்து விழும். என் ஆங்கிலத்தின் பாதி அங்கே கற்றதுதான்.

என்னோடு நின்றவர் யமேக்கா நாட்டவர். என்னைவிட இருபது வயது மூத்தவர். அண்ணை என்றே வைத்துக்கொள்கிறேன். 'ஹலோ' என்ற பாட்டு வந்தால் அண்ணை எழும்பிப் போய்ச் சத்தத்தைக் குறைத்துவிடுவார். அந்த மாதங்களில் புதிதாக வந்திருந்த 'நைட்ஷிப்ட்' என்ற பாட்டு வந்தால் கூட்டுவார். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் கேட்டேன். 'ஹலோ' பாடுபவர் முன்னர் 'நைட்ஷிப்ட்' பாடும் குழுவில் இருந்தவர் என்றார். "அவன் எங்கட ஆள். எங்கட சனத்துக்குப் பாடிக்கொண்டிருந்தவன். இப்ப வெள்ளைக்காரன்ர வரவேற்பறைக்குப் பாடுறான். விட்டிட்டுப் போட்டான்." அவர் சொன்னதன் சாரம் இது.

"விட்டிட்டுப் போட்டான்." ஊரை விட்டு வந்து ஒரு வருடமும் ஆகாத எனக்கு அந்தச் சொல் எப்படிக் குத்தியிருக்கும் என்று நீங்கள் அறிவீர்கள். அதனால்தானோ என்னவோ இந்தப் பாடகரின் கதையைப் பிற்காலத்தில் தேடித் தேடி வாசித்தேன். அண்ணை சொன்னது சரியா என்பதுதான் என் கேள்வி.

லயனல் றிச்சி 1949இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற சிற்றூரில் பிறந்தவர். டஸ்கீகி சாதாரண ஊரல்ல. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்காக புக்கர் ரி. வாஷிங்டன் 1881இல் ஆரம்பித்த கல்லூரி அங்கேதான் இருக்கிறது. றிச்சி வளர்ந்தது அந்தக் கல்லூரி வளாகத்தில். பாட்டியார் பியானோ ஆசிரியை. பேரனுக்கு இசைக்குறிப்பு வாசிக்கப் பழக்கப் பார்த்தார், பையனோ காதால் கேட்டே வாசித்துவிடுவான். கடைசிவரை இசைக்குறிப்பு வாசிக்கக் கற்கவேயில்லை. வீட்டில் மேலைத்தேயச் செவ்வியல் இசை, தேவாலயத்தில் வழிபாட்டுப் பாடல், வானொலியைத் திருப்பினால் வெள்ளையரின் கன்ட்றி இசை. இந்த மூன்றும் ஒரே காதுக்குள் போயின என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1968இல் அதே கல்லூரி மாணவர்கள் சேர்ந்து அமைத்த குழுதான் கொமடோர்ஸ். பெயர் வைக்கத் தெரியாமல் வில்லியம் கிங் என்பவர் கண்ணை மூடிக்கொண்டு அகராதியில் விரலை வைத்தாராம். விரல் பட்ட சொல் 'கொமடோர்', கடற்படையில் ஒரு பதவி. சில வரி தள்ளிப் பட்டிருந்தால் ஆங்கிலத்தில் மலசலகூடப் பாத்திரத்தைக் குறிக்கும் சொல் வந்திருக்கும் என்று அவர்களே பகிடியாகச் சொல்வதுண்டு. றிச்சி அதில் சக்ஸபோன் வாசித்தார். 1971இல் ஜக்சன் சகோதரர்களின் நிகழ்ச்சிகளில் முன்வரிசைக் குழுவாகப் போனார்கள். அடுத்த ஆண்டு மோட்டவுன் நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆனது.

அப்போது அவர்கள் வாசித்தது இருந்த இடத்தில் இருக்கவிடாத இசை. 1974இல் வந்த 'மெஷின் கன்' என்ற பாட்டில் பாடகர் குரலே இல்லை, வாத்தியங்கள் மட்டும்தான். 1977இன் 'பிறிக் ஹவுஸ்' பாட்டைக் கேட்டால் றொனல்ட் லபிறெட்டின் பேஸ் கிற்றார் நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கும். அதைப் பாடியவர் மத்தளக்காரர் வோல்டர் ஒறெஞ். அண்ணை காதலித்த கொமடோர்ஸ் இதுதான்.

ஆனால் அதே 1977இல், அதே இசைத்தட்டில், 'ஈசி' என்ற பாட்டும் இருந்தது. றிச்சி எழுதிப் பாடியது. ஞாயிற்றுக்கிழமைக் காலை போல அமைதியான பாட்டு. அடுத்த ஆண்டு 'திறீ ரைம்ஸ் அ லேடி'. பெற்றோரின் திருமண நாள் விருந்தில் தகப்பனார் தாயாரைப் பற்றிச் சொன்ன நன்றிச் சொற்களைக் கேட்டு எழுதியது. மூன்று மூன்றாக எண்ணும் வால்ஸ் தாளம். அமெரிக்காவில் முதலிடம், பிரித்தானியாவில் 5 வாரம் முதலிடம். 1979இல் 'ஸ்டில்', அதுவும் முதலிடம்.

இந்த இடத்தில் வானொலி வியாபாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்களும் ஒரு வானொலி நடத்துகிறோம் என்பதால் இது எங்களுக்கும் உரிய விடயம். அமெரிக்காவில் பில்போர்ட் என்ற சஞ்சிகை வாரந்தோறும் பாட்டுகளைத் தரப்படுத்திப் பட்டியல் போடும். ஒரு பட்டியல் அல்ல, பல. கறுப்பின மக்கள் கேட்கும் பாட்டுகளுக்குத் தனிப் பட்டியல். அதன் பெயர் 1969இல் 'சோல்', 1982இல் நேராகவே 'பிளக்', 1990இல் 'ஆர் அன்ட் பி'. இதற்கு அப்பால் 1961இல் 'ஈசி லிஸனிங்' என்று ஒரு பட்டியல் தொடங்கினார்கள். 1979இல் அதன் பெயரை 'அடல்ட் கன்டெம்பொரரி' என்று மாற்றினார்கள். வளர்ந்தவர்களுக்கான நடப்பு இசை என்று சொல்லலாம். றொக் இசையின் கூச்சலும் வேண்டாம், தாத்தா காலத்துப் பாட்டும் வேண்டாம் என்கிற, வேலைக்குப் போய்ச் சம்பளம் எடுக்கிற வயதினர்தான் அதன் நேயர்கள். சவர்க்காரமும் காரும் வாங்குகிறவர்கள் அவர்களே என்பதால் விளம்பரகாரர்கள் அந்த நேயர்களுக்குத்தான் காசு கொடுத்தார்கள். கந்தோரிலும் பல் வைத்தியரின் காத்திருப்பு அறையிலும் நாள் முழுக்க ஓடினாலும் யாரும் எழும்பி நிறுத்தாத இசை அது.

ஆகவே, கறுப்பினப் பாடகர் ஒருவர் மெல்லப் பாடி அந்தப் பட்டியலில் ஏறினால், அவர் வீடு மாறிவிட்டார் என்று சனம் நினைத்ததில் வியப்பில்லை. ஆனால் ஒரு தகவல். 1961 ஜூலையில் அந்தப் பட்டியல் தொடங்கிய முதல் வாரத்திலேயே முதலிடத்தில் இருந்தவர் புரூக் பென்டன் என்ற கறுப்பினப் பாடகர். அவர்கள் அந்த வீட்டுக்குப் பின்னால் குடிவந்தவர்கள் அல்லர். கதவு திறந்த அன்றே உள்ளே இருந்தவர்கள்.

இன்னும் பின்னால் போவோம். விட்டுப் போனவன் என்ற பழியும் றிச்சியோடு தொடங்கியதல்ல. சோல் இசையின் வேர் கறுப்பினத் தேவாலயம். சாம் குக் என்பவர் சோல் ஸ்டிறேர்ஸ் என்ற பக்திக் குழுவின் நட்சத்திரமாக இருந்துவிட்டு 1957இல் 'யூ சென்ட் மீ' என்ற மெல்லிய காதல் பாட்டைப் பாடினார். கடவுளைப் பாடிய வாயால் பெண்ணைப் பாடுகிறான் என்று பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். இன்று அதே சாம் குக்கைத்தான் சோல் இசையின் தந்தையரில் ஒருவராக எல்லோரும் போற்றுகிறார்கள். அன்று விட்டுப்போனவர், இன்று மூதாதை!

நற் கிங் கோல் கதை இதைவிடக் கசப்பானது. டஸ்கீகிக்குப் பக்கத்து நகரமான மொன்ற்கொமரியில் பிறந்தவர். பட்டுப்போன்ற குரல், வெள்ளையர் வீடுகளிலும் ஒலித்த பாட்டுகள். 1956 ஏப்ரலில் அலபாமாவின் பேர்மிங்ஹம் நகரில் வெள்ளையருக்கு மட்டுமான ஒரு காட்சியில் பாடிக்கொண்டிருந்தபோது, வெள்ளை இனவாதிகள் மேடையில் ஏறி அவரைத் தாக்கி விழுத்தினார்கள். அவர் பாடிக்கொண்டிருந்தது புரட்சிப் பாட்டல்ல, மெல்லிய காதல் பாட்டு. அவமானம் அத்தோடு முடியவில்லை. பிரித்து வைத்த மண்டபத்தில் ஏன் பாடப் போனாய் என்று கறுப்பினப் பத்திரிகைகளும் அவரைக் கண்டித்தன. அந்த ஆண்டே என்.பி.சி. தொலைக்காட்சியில் அவருக்கென்று ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. நாடளாவிய விளம்பர ஆதரவு தர ஒரு நிறுவனமும் முன்வராததால் 1957 முடிவில் அது நின்றுபோனது. மெல்லப் பாடினால் அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்பதும் பொய், மெல்லப் பாடினால் எங்களை விட்டுவிட்டான் என்பதும் அநியாயம். இரண்டு பக்கத்து அடியையும் ஒரே மனிதன் வாங்கினான். அப்போது றிச்சிக்கு ஆறு வயது. அதே மாநிலத்துப் பிள்ளை.

சரி, றிச்சிக்கு வருவோம். 1980இல் கெனி றொஜர்ஸ் என்ற வெள்ளையினக் கன்ட்றிப் பாடகருக்காக 'லேடி' என்ற பாட்டை எழுதித் தயாரித்துக் கொடுத்தார். 6 வாரம் முதலிடம். கன்ட்றிப் பட்டியலிலும் முதலிடம். அலபாமாவில் சிறுவயதில் கேட்ட வானொலி வீண்போகவில்லை. 1981இல் டயானா றொஸ்ஸுடன் பாடிய 'என்ட்லெஸ் லவ்' 9 வாரம் முதலிடத்தில் நின்றது. குழுவின் பெயர் பின்னுக்குப் போய் ஒருவரின் பெயர் முன்னுக்கு வந்தது. 1982இல் குழுவைக் கட்டி வளர்த்த முகாமையாளர் பெனி அஷ்பேர்ன் மாரடைப்பால் காலமானார். அதே ஆண்டு றிச்சியின் முதல் தனி இசைத்தட்டு வந்தது, அவர் குழுவிலிருந்து விலகினார்.

பிறகு நடந்தது உலகறிந்தது. 1983இல் 'கான்ட் ஸ்லோ டவுன்'. அமெரிக்காவில் மட்டும் 1 கோடிக்கு மேல் விற்றது. 'ஹலோ' 1984இல் அமெரிக்காவில் 2 வாரமும் பிரித்தானியாவில் 6 வாரமும் முதலிடம். அந்த ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் நிறைவு விழாவில் 'ஓல் நைட் லோங்' பாடியதை உலகமே பார்த்தது. (அந்தப் பாட்டில் ஆபிரிக்க மொழி போல வரும் வரிகள் எந்த மொழியுமில்லை, அவராகவே கட்டியவை. அதைச் சொல்லிச் சொல்லி அண்ணை சிரிப்பார்.) 1985இல் பிறின்ஸ், புறூஸ் ஸ்பிறிங்ஸ்ரீன், ரீனா ரேணர் எல்லோரையும் பின்தள்ளி ஆண்டின் சிறந்த இசைத்தட்டுக்கான கிறமி விருது அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு ஜனவரி 28ஆம் திகதி இரவு, எதியோப்பியப் பஞ்சத்துக்காக அவரும் மைக்கல் ஜக்சனும் எழுதிய பாட்டை நாற்பதுக்கும் மேற்பட்ட பாடகர்கள் ஒரே அறையில் நின்று பாடினார்கள்.

இப்போது அண்ணையின் குற்றச்சாட்டை எடுத்துப் பார்ப்போம். 'ஹலோ' மெல்லிசைப் பட்டியலில் 6 வாரம் முதலிடத்தில் நின்றது உண்மை. ஆனால் 'பிளக்' என்று பெயரிட்ட பட்டியலிலும் அது 3 வாரம் முதலிடம். 'ஓல் நைட் லோங்' அதே பட்டியலில் 7 வாரம். கறுப்பின வானொலிகள் அவரைக் கைவிடவில்லை, அந்த நேயர்களும் கைவிடவில்லை. வெள்ளையரின் வரவேற்பறையில் ஒலித்த பாட்டு கறுப்பினத் தாய்மாரின் சமையலறையிலும் ஒலித்தது.

ஏன் என்பதற்கு இன்னொரு வானொலிக் கதை உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது. வாஷிங்டனில் ஹவாட் பல்கலைக்கழகம் நடத்தும் டபிள்யூ.எச்.யூ.ஆர். என்ற வானொலியில் 1976இல் ஓர் இரவு அறிவிப்பாளர் வரவில்லை. அங்கே பயிற்சிக்கு வந்திருந்த மெல்வின் லின்ட்சி என்ற மாணவனை இருத்தினார்கள். அவன் தனக்குப் பிடித்த மெல்லிய சோல் பாட்டுகளை, இடையில் அதிகம் பேசாமல், ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டான். தொலைபேசி ஓயவில்லை. நிலையத்தின் பொறுப்பிலிருந்த கதி ஹியூஸ் என்ற பெண்மணி அதை நிரந்தர நிகழ்ச்சியாக்கினார். ஸ்மோக்கி றொபின்சனின் 1975ஆம் ஆண்டு இசைத்தட்டின் பெயரிலிருந்து 'குவாயட் ஸ்ரோம்' என்று பெயர் வைத்தார்கள். அமைதியான புயல்! சில ஆண்டுகளில் அமெரிக்காவெங்கும் கறுப்பின வானொலிகளில் இரவு நேரம் என்றாலே அந்த முறைதான். லூதர் வன்றோஸ், அனிற்றா பேக்கர் போன்றோர் வளர்ந்த மடி அது. கறுப்பின மக்களுக்கு ஆடவும் தெரியும், வேலை முடிந்து களைத்துவந்து கதிரையில் சாயவும் தெரியும். மெல்லிய பாட்டு மற்றவனிடம் இரவல் வாங்கியதல்ல. தேவாலயத்தில் ஆராதனை முடியும் நேரத்தில் பாடும் மெதுவான பாட்டிலிருந்தே அது வந்தது. றிச்சியின் பாட்டுகளுக்கு வயலின்களும் பியானோவும் அமைத்துக் கொடுத்த ஜேம்ஸ் அன்ரனி கார்மைக்கலும் கொமடோர்ஸ் காலத்திலிருந்தே கூட இருந்தவர்.

அப்படியானால் அண்ணை பிழையா? முழுதும் பிழை என்று நான் சொல்லமாட்டேன். இழப்பு ஒன்று இருந்தது. ஆனால் அவர் தேடிய இடத்தில் அது இருக்கவில்லை. இழந்தது சனத்தை அல்ல, குழுவை. 'பிறிக் ஹவுஸ்' பாட்டில் ஆறு பேர் ஒருவரோடொருவர் வாதாடுவது கேட்கும். ஒருவர் முன்னுக்கு வர மற்றவர் விலகுவார். 'ஹலோ' பாட்டில் ஒரு மனிதன் தனியாக நிற்கிறான், சுற்றிவரக் கம்பளம் விரித்திருக்கிறது. பாட்டு அழகுதான். ஆனால் லபிறெட்டின் அந்த பேஸ் கிற்றாருக்கு அங்கே வேலையில்லை. வியாபாரமும் அதற்குத் துணைபோனது. பாட்டு எழுதியவருக்குப் போகும் பணம் வேறு, கூட வாசித்தவருக்குப் போகும் பணம் வேறு. வானொலிகள் கேட்டது றிச்சி எழுதிய மெல்லிய பாட்டுகளை. குழுவில் மற்றவர்கள் எழுதியவை தட்டின் மறுபக்கத்தில் கிடந்தன. இது எந்தக் குடும்பத்தையும் பிரிக்கக்கூடிய கணக்கு.

நெல்சன் ஜோர்ஜ் என்ற கறுப்பின எழுத்தாளர் 1988இல் எழுதிய நூலில் இன்னும் பெரிய கணக்கைப் போட்டார். கறுப்பின இசை பெரிய சந்தைக்குப் போகப் போக, அதை வளர்த்த சிறிய வானொலிகள், இசைத்தட்டுக் கடைகள், விநியோகஸ்தர்கள் எல்லாம் வற்றிப்போயின என்பது அவர் வாதம். நூலின் பெயரிலேயே மரணம் என்ற சொல் இருக்கிறது. அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பாரம் முழுவதையும் ஒரு பாடகரின் குரல் மென்மையின் மேல் இறக்கிவைக்க நான் உடன்படமாட்டேன். கடையை மூடியது பாட்டின் வேகமல்ல, பெரிய நிறுவனங்களின் பணம்.

கொமடோர்ஸ் சாகவில்லை. 1984இல் மார்வின் கேயும் ஜக்கி வில்சனும் இறந்தார்கள். அந்த இருவருக்கும் அஞ்சலியாக வோல்டர் ஒறெஞ் முன்னின்று பாடிய பாட்டுத்தான் 'நைட்ஷிப்ட்'. வானுலகில் அவர்கள் இரவு வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்ற கற்பனை. கொமடோர்ஸ் குழுவுக்கு அதுவரை கிடைக்காத கிறமி விருது, றிச்சி போன பிறகு, அந்தப் பாட்டுக்குத்தான் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால் அதுவும் ஒரு மெல்லிய பாட்டே. லபிறெட் பின்னர் நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்து அங்கேயே வாழ்ந்து 2022இல் காலமானார். 2012இல் றிச்சி தன் பழைய பாட்டுகளைக் கன்ட்றிப் பாடகர்களோடு சேர்ந்து திரும்பப் பாடி ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அமெரிக்காவில் முதலிடம். அதற்கு அவர் வைத்த பெயர் 'டஸ்கீகி'. 63ஆவது வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர், ஊர்ப் பெயரை முகப்பில் போட்டார்.

அண்ணையோடு இதையெல்லாம் வாதாட அன்று எனக்கு அறிவும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. ஒரு விடியற்புறம் மட்டும் நினைவிருக்கிறது. ஐந்து மணி இருக்கும். அவர் வெளியே பம்புகளுக்கிடையில் கூட்டிக்கொண்டிருந்தார். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. றேடியோவில் 'ஸ்டில்' போனது. பிரிந்துபோகும் இருவரின் பாட்டு, றிச்சி எழுதியது. அவருடைய மனைவி சில ஆண்டுகளுக்கு முன் யமேக்காவுக்கே திரும்பிப் போயிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. கண்ணாடிக்கு அப்பால் அவர் வாய் அசைவதைப் பார்த்தேன். ஒரு சொல்லும் தப்பவில்லை, முதல் வரியிலிருந்து கடைசி வரை. நான் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

பாட்டு முடிந்து உள்ளே வந்தவர் தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, என்னைப் பாராமலே போய் சத்தத்தைப் பழையபடி குறைத்தார். நானும் ஒன்றும் கேட்கவில்லை.